சாப்பாட்டுக்கு மட்டும்

இப்போதெல்லாம் மனிதர்கள் பசிக்குக்கூட நேரம் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டரைக்கு மேசை, இரண்டரைக்குள் எழுந்துவிட வேண்டும் என்று பத்து நாளைக்கு முன்பே போனில் பேசி முடித்துவிடுகிறார்கள். வயிறு என்ன பஸ்ஸா, அட்டவணை போட்டு ஓட்ட? அன்றைக்குப் பார்த்து வயிறு மந்தமாக இருந்தால் என்ன செய்வார்கள்? சாப்பிடுவார்கள். மேசை சொல்லியாகிவிட்டதே என்று சாப்பிடுவார்கள். அதற்கு முன்னால் தட்டைப் படம் எடுப்பார்கள். தட்டுக்கு வாய் இருந்தால் காறித் துப்பும்.

எடைக்காரர் இப்படித்தான் நினைத்துக்கொண்டு அந்தப் பெரிய ஹோட்டலின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்த சட்டை, குரல்வளையைப் பிடித்தது.

முப்பத்துநாலு வருஷம் லாரிகளை எடை போட்டவர். சரக்கோடு உள்ளே வரும் லாரி இரும்பு மேடையில் ஏறும், ஒரு எடை. சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக வெளியே போகும்போது இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. இந்த இரண்டு எடைக்கும் நடுவில்தான் உலகத்துத் திருட்டெல்லாம் நடக்கும். மணலில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவருவான். சீட்டுக்கு அடியில் ஆளைப் படுக்கவைத்துக்கொண்டு வந்து, திரும்பும்போது இறக்கிவிட்டுப் போவான். ஆளைப் பார்த்தவுடன் இவனிடம் எத்தனை கிலோ பொய் இருக்கிறது என்று எடைக்காரர் சொல்லிவிடுவார் என்பார்கள்.

இன்றைக்கு அவருக்கு எழுபது. மகள்தான் போன வாரம் போன் செய்தாள்.

"அப்பா, இந்தத் தடவை பெரிய ஹோட்டல்ல சாப்பாடு. நல்ல சட்டையா போட்டுட்டு வாங்க. அப்புறம், அடையாள அட்டையை மறந்துடாதீங்க."

"சாப்பாட்டுக்கு எதுக்குடி அட்டை?"

"எடுத்துட்டு வாங்கப்பா. அங்க வந்து சொல்றேன்."

போனை வைத்த நிமிஷத்திலிருந்து எடைக்காரருக்குத் தூக்கம் போயிற்று. காரணம், பெயிண்டர்.

பெயிண்டர் அவருடைய நாற்பது வருஷக் கூட்டாளி. ஆறு மாசத்துக்கு முன்னால் பெயிண்டரின் மகன் அப்பாவை இப்படித்தான் ஒரு பெரிய ஹோட்டலுக்கு அழைத்துப்போனான். அட்டையை எடுத்து வரச் சொன்னான். ஐஸ்கிரீம் சாப்பிட்டு முடித்ததும் ஒரு பழுப்பு உறையிலிருந்து காகிதத்தை எடுத்தான். பெயிண்டர் வாயைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இப்போது முதியோர் இல்லத்தில், ஒரு அறைக்கு மூன்று கட்டில் போட்ட இடத்தில், நடுக்கட்டிலில் இருக்கிறார். பார்க்கப் போனால், "ஐஸ்கிரீம் நல்லாத்தான் இருந்துச்சுய்யா" என்கிறார்.

எடைக்காரருக்கும் ஒரு வீடு இருக்கிறது. சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு அடுக்களை, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட ஓர் இடம். மாதாமாதம் கட்டி முடித்த சொந்த வீடு. அதை விட்டு எவன் கிளப்பினாலும் கிளம்புவதாக இல்லை.

அட்டையைக் கொண்டுவராமலும் இருக்க முடியாது. அவர் இல்லாத நேரத்தில் யாராவது வீட்டில் புகுந்து எடுத்துவிட்டால்? அதனால் பேன்ட்டின் இடுப்புப் பட்டைக்கு உள்பக்கம் இருந்த சின்னப் பையில் அதைச் செருகி, ஊக்கு குத்தி, மேலே பெல்ட்டை இறுக்கிக்கொண்டு வந்திருந்தார். கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடுவது. அட்டை இல்லாமல் எந்தக் காகிதமும் செல்லாது.

மகள், மருமகன், பேத்தி மூவரும் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தார்கள். மகள் துணிக்கடையில் அளவு திருத்தித் தைக்கிறவள். மருமகன் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவர். வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலும் ஏதாவது ஆபத்து என்றால் அவர் கால் தானாக பிரேக்கை மிதிக்கும். ஒன்பது வயதுப் பேத்திக்கு வீட்டில் ரேடியோ என்று பேர். நிறுத்த முடியாது, எந்த நேரத்தில் என்ன செய்தி வரும் என்றும் சொல்ல முடியாது.

உள்ளே அரைவட்டமாக ஒரு சோபா, நடுவில் தரையோடு திருகி முடுக்கிய மேசை.

"நீங்கதான் இன்னைக்கு ராஜா, நடுவுல உட்காருங்க மாமா" என்றார் மருமகன்.

எடைக்காரர் ஓரத்தில் உட்காரப் பார்த்தார். விடவில்லை. அவரை உள்ளே தள்ளி ஒரு பக்கம் மகளும் பேத்தியும், இன்னொரு பக்கம் மருமகனும் அடைத்துக்கொண்டார்கள். முதுகுக்குப் பின்னால் சுவர். வயிற்றுக்கு முன்னால் மேசை. சோபா வேறு ஆளை முழுங்கியது. எழுந்திருக்க வேண்டுமானால் யாராவது ஒரு பக்கம் எழுந்து வழிவிட வேண்டும். லாரிக்கு முன்னும் பின்னும் வண்டியை நிறுத்தி மறித்த மாதிரி இருந்தது.

மகள் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "அப்பா, அட்டை?"

வந்துவிட்டது. தண்ணீர்கூட இன்னும் வைக்கவில்லை, அதற்குள்ளே.

"மறந்துட்டேன்."

"என்னது?"

"மறந்துட்டேன்னு சொல்றேன்ல. எழுபது வயசுல எல்லாம் ஞாபகம் இருக்குமா?"

மகளின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. மேசைக்கு அடியில் மருமகனின் கால் பிரேக்கை அழுத்தியதை எடைக்காரர் தன் காலிலேயே உணர்ந்தார். அவருடைய தலைக்குப் பின்னால் இரண்டு பேரும் சாய்ந்து குசுகுசுவென்று பேசினார்கள். மகள் கைப்பையைத் திறந்து ஏதோ பார்த்துவிட்டு மூடினாள். உள்ளே ஒரு பழுப்பு உறை. எடைக்காரர் பார்த்துவிட்டார்.

அப்படியே பெயிண்டருக்குக் காட்டிய உறை.

பரிமாறுகிறவர் வந்தார். கறுப்புக் கோட்டு, உதட்டுக்கு மட்டும் தெரிந்த சிரிப்பு. மகள் அவரிடம் தாழ்ந்த குரலில், "எனக்கு வேணாங்க, வயிறு சரியில்ல. மூணு சாப்பாடு போதும்" என்றாள்.

"மன்னிக்கணும் மேடம். மேசைக்கு எத்தனை பேர் சொன்னீங்களோ அத்தனை சாப்பாடு. மதியச் சலுகைக்கு அதுதான் விதி."

"சரி, கொண்டுவாங்க" என்றார் மருமகன். கற்றுக்கொள்கிறவன் வண்டியைச் சுவரில் இடிக்கப்போகும்போது பேசுகிற குரலில்.

சூப் வந்தது. பெரிய கிண்ணம், அடியில் நாலு கரண்டி. பிறகு மீன் வந்தது. தட்டு ஒரு கிலோ இருநூறு இருக்கும். மேலே இருந்த மீன் எண்பது கிராம். பக்கத்தில் பச்சையாக ஒரு கோடு இழுத்திருந்தார்கள். அது சாப்பிடவா, கையெழுத்தா என்று எடைக்காரருக்குத் தெரியவில்லை.

"நல்லா இருக்காப்பா?"

"தட்டு நல்ல கனம்."

மகள் சிரிக்கவில்லை. தன் தட்டில் இருந்ததைத் துண்டு துண்டாக வெட்டிப் பேத்தியின் தட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். எடைக்காரரின் கை அடிக்கடி இடுப்புக்குப் போய் வந்தது. மீன் முடிந்தால் ஐஸ்கிரீம். ஐஸ்கிரீம் முடிந்தால் உறை. மணலில் தண்ணீர் ஊற்றுகிறவன்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டான்.

"நான் போய் மேனேஜர்கிட்ட பேசிப் பார்க்கிறேன்" என்று மருமகன் எழுந்தார். மகளும் கைப்பையோடு பின்னாலேயே போனாள்.

ரேடியோ அந்த நிமிஷமே ஒலிபரப்பைத் தொடங்கியது.

"தாத்தா, நீங்க ஏன் அட்டையை மறந்தீங்க? அம்மாவுக்கு அழுகையே வந்துடுச்சு."

"அட்டை எதுக்குடி உங்கம்மாவுக்கு?"

"பொறந்தநாள்னு காட்டணும்ல! நாலு பேர் வந்தா பொறந்தநாள்காரங்களுக்கு மட்டும் ஃப்ரீ. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. ஓசிச் சாப்பாடுன்னு தெரிஞ்சா நீங்க வர மாட்டீங்களாம். நம்ம கவர்ல மூணு பேருக்குத்தான் காசு இருக்கு தாத்தா. எட்டு மாசமா போட்டது. நான்கூடப் போட்டேன்."

எடைக்காரர் மீன் இல்லாத தட்டைப் பார்த்தார்.

தூரத்தில் மருமகன் மேனேஜர் முன்னால் கையைக் கட்டி நின்றார். மேனேஜரும் அதே உதட்டுச் சிரிப்போடு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். மகள் உறையிலிருந்து எதையோ எடுத்து எண்ணிவிட்டு மறுபடி உள்ளே வைத்தாள்.

பிள்ளை பொய் சொல்லாது. ஆனால் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். மேனேஜருக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? அங்கேதான் அவருடைய சந்தேகம் இடித்தது.

அட்டையை எடுத்துக் கொடுத்தால் தான் பொய் சொன்னது வெளியே வரும். கொடுக்காவிட்டால் மகள் இந்த உதட்டுச் சிரிப்புக்காரன் முன்னால் நாலாவது சாப்பாட்டுக்குக் கெஞ்சுவாள். தன் சட்டைப்பையில் இருப்பதைக் கொடுக்கலாம் என்றால் அது பஸ்ஸுக்குத்தான் காணும். எடுக்க நினைத்தாலும் இங்கே எடுக்க முடியாது. பெல்ட்டைத் தளர்த்தி, ஊக்கைக் கழற்றி, அவ்வளவும் இந்தச் சோபாவின் குழிக்குள் உட்கார்ந்துகொண்டா?

அவர்கள் திரும்பி வந்து மறுபடி இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டார்கள். மருமகன், "வாட்ச்சை வெச்சுட்டுப் போறேன், நாளைக்கு மீட்டுக்கறேன்" என்று மகளிடம் முணுமுணுத்தார்.

"எந்திரிங்க மாப்ளே" என்றார் எடைக்காரர். "கழிப்பறைக்குப் போகணும்."

கழிப்பறைக்குப் போகும் நடையின் கடைசியில் ஒரு கதவு திறந்து கிடந்தது. காய்கறிக் கூடைகளை இறக்குகிற பின்வாசல். அதற்கு அப்பால் வெயில், தெரு, பஸ் நிறுத்தம். அப்படியே போய்விடலாம். வீட்டுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். ஒரு லாரி ஆளை ஏற்றிக்கொண்டு வந்தால்கூடக் கையெழுத்து வாங்க முடியாது. ஆனால் மகள் கட்ட வேண்டிய கணக்கில் நாலு தட்டு நாலு தட்டாகத்தான் இருக்கும்.

அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு கழிப்பறைக்குள் போய்ப் பெல்ட்டைக் கழற்றினார்.

திரும்பி வந்து அட்டையை மேசைமேல் பட்டென்று வைத்தார். "இந்தா. பையிலதான் இருந்திருக்கு. ஒழுங்கா தேடச் சொல்லியிருந்தா அப்பவே தேடியிருப்பேன்ல." பழி அவர்கள்மேல் இருக்கிற மாதிரியே சொன்னார்.

மருமகன் கண்ணை மூடித் திறந்தார். மேனேஜர் வந்து அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "பிறந்தநாள் வாழ்த்துகள் சார். ஒரு நகல் எடுத்துட்டுத் தந்துடறேன்" என்று அட்டையோடு நடந்தார்.

"நில்லுய்யா!"

ஹோட்டலே திரும்பிப் பார்த்தது. இந்தத் தடவை எடைக்காரர் யாரும் வழிவிடக் காத்திருக்கவில்லை. மருமகனின் முழங்காலைத் தாண்டி வெளியே வந்து, மேனேஜர் பின்னாலேயே அவருடைய சின்ன அறைக்குள் நுழைந்தார்.

"நகல் எதுக்கு?"

"தலைமை ஆபீசுக்கு அனுப்பணும் சார். இலவசம் கொடுத்ததுக்கு ஆதாரம்."

"எத்தனை நகல்?"

"ஒண்ணுதான் சார்."

மெஷின் ஒரு காகிதத்தைத் துப்பியது. இரண்டாவதைத் துப்புகிறதா என்று எடைக்காரர் குனிந்து பார்த்தார். துப்பவில்லை.

"அதுல குறுக்க எழுதுங்க."

"என்ன எழுதணும்?"

"சாப்பாட்டுக்கு மட்டும். இன்னைக்குத் தேதி. உங்க கையெழுத்து."

மேனேஜரின் உதட்டுச் சிரிப்பு முதல் தடவையாகக் கீழே விழுந்தது. எழுதிக் கொடுத்தார். எடைக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்து, "மட்டும்" இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு அட்டையை வாங்கினார். சட்டென்று திரும்பினால் அறை வாசலில் மகள் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

வழியில் கழிப்பறைக்குள் போய் அட்டையைப் பழையபடி இடுப்புப் பையில் செருகிவிட்டு வந்து, மறுபடி சோபாவின் நடுவில் அடைபட்டு உட்கார்ந்தார். மெழுகுவர்த்தி செருகிய கேக் வந்தது. பரிமாறுகிறவர்கள் நாலு பேர் சுற்றி நின்று கைதட்டினார்கள். காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று எடைக்காரர் கைதட்டுகிறவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ்கிரீம் வந்தது. எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். மகள் பையைத் திறந்தாள். உறையை எடுத்தாள். அதிலிருந்து கசங்கிய நோட்டுகள் மட்டும் வந்தன. மூன்று சாப்பாட்டுக்குச் சரியாக இருந்தது. காலி உறையை அவள் மடித்து உள்ளே வைக்கும் வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.

வெளியே வந்ததும் மருமகன் பேத்தியை அழைத்துக்கொண்டு பஸ் வருகிறதா என்று பார்க்கப் போனார். மகள் அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"அட்டை எந்தப் பையில இருந்துச்சு?"

"ஏதோ ஒரு பை."

"உள்ள வந்ததுலேர்ந்து உங்க கை அந்த இடத்துக்கே போயிட்டு இருந்துச்சுப்பா. அந்தப் பையை நான்தானே தெச்சேன்."

எடைக்காரர் தெருவைப் பார்த்தார்.

"பெயிண்டர் மாமாவுக்கு நடந்த மாதிரின்னு நெனச்சீங்களா?"

"நான் ஒண்ணும் நெனைக்கல."

"உங்க வீடு எங்களுக்கு வேணாம்ப்பா. நாங்க எதையும் கேக்கப் போறதில்ல." கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "உங்களுக்குச் சாப்பாடு வாங்கித் தரணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல் எடைக்காரருக்கு இருந்தது. "மீன்ல ஒரு முள்ளுகூட இல்ல" என்றார். "சுத்தமா எடுத்திருந்தான்."

அவள் சிரிப்பும் அழுகையும் இல்லாத ஏதோ ஒன்றைச் செய்தாள். "பஸ்ல எங்ககூட வாங்கப்பா. வீட்டுல இறக்கிவிட்டுட்டுப் போறோம்."

"வேணாம். நடந்தே போய்க்கறேன்."

நடந்தார். நாலடி போனதும் திரும்பிப் பார்த்தார். மகள் அங்கேயே நின்றிருந்தாள். கை ஆட்டினாள். அவரும் பாதிக் கையை ஆட்டினார்.

முள் இல்லாத மீன்தான். உறையில் காகிதம் இல்லைதான். எட்டு மாசமாக யார் ஒரு கிழவனுக்காகக் காசு சேர்ப்பார்கள்? சேர்த்திருக்கிறார்களே. அப்படியானால் அடுத்த வருஷம் என்ன வரும்? உள்ளே போன எடை மட்டும்தான் இன்றைக்குத் தெரிந்திருக்கிறது. வண்டி காலியாக வெளியே வரட்டும், அப்புறம் பார்க்கலாம்.

முனை திரும்பும் இடத்தில் நின்று, பெல்ட்டுக்கு உள்ளே விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தார். அட்டை இருந்தது. பைக்குள் அட்டைக்குக் கீழே தையல் விரலில் தட்டுப்பட்டது. இரண்டு வரிசையாக, நெருக்கமாகப் போட்ட தையல். கையை எடுத்துக்கொண்டு, சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, வேகமாக நடந்தார்.