செல்லத்தாய் வீட்டில் விழுந்த கற்கள்

சிலமலையில் செல்லத்தாய் வீட்டின் மேல் மட்டும் கல் விழுந்தது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் அவளும் டிரைவர் கன்னையனும் பேசிச் சிரித்த நாளெல்லாம், சாயங்காலம் வானத்திலிருந்து தேங்காய்ப் பருமனில் விழுந்தது. பேச்சு என்னவோ இரண்டு பேருடையதுதான். ஆனால் கன்னையன் வீட்டு ஓட்டில் ஒரு பொடிக்கல்கூட விழவில்லை. வானத்துக்கும் ஊர்ப் புத்திதான் போலிருக்கிறது.

போடிமெட்டு வளைவுகளில் குமட்டும் என்பதால் அவளுக்கு முன் சீட்டைக் கொடுத்திருந்தார்கள். பேச்சு அங்கேதான் தொடங்கியது. அட்டைக்கடிக்குப் புகையிலை நல்லதா, உப்பு நல்லதா என்று சண்டை போடுவார்கள். அவனுடைய கியர் பெட்டிக்கும் அவளுடைய முழங்காலுக்கும் ஒரே சீக்கு என்று சிரிப்பார்கள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த நல்ல பேச்சே அதுதான். அவளை விட்டுவிட்டுப் புருஷன் பூப்பாறையில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்தபோது எந்தக் கூரையிலும் கல் விழவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

முதல் கல் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிளந்து சினை ஆட்டைக் கொன்றது. அடுத்தது அவள் தோள் எலும்பை முறித்தது. கன்னையன் பதறிப்போய், அவள் நன்மைக்கென்று தானாகவே பேச்சை நிறுத்தினான். கல்லும் நின்றது. கட்டுப்போட்ட கையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவன் மலை முழுக்க ரோட்டையே பார்த்து ஓட்டினான். தோளைவிட அது அதிகமாக வலித்தது.

“என்னயக் கேக்காம நீயா எப்படி முடிவு பண்ணுன, கன்னையா? கல்லு விழுகுறது என் தலையில. பேசணுமா வேணாமான்னு நான் சொல்றேன்.”

“பயந்துட்டேன், செல்லத்தாயி.”

மறுபடி பேசினார்கள். அன்று சாயங்காலம் கூரை முழுசாகப் போனது.

கல்லை வெட்ட முடியாததால் அவள் அண்ணன் வீரணன் கன்னையனை வெட்டப் போனான். ஜீப்புக் கண்ணாடியை நொறுக்கி, அவனை வெளியே இழுத்துப் போட்டு, அரிவாளைத் திருப்பிப் பிடித்துத் தாடையை உடைத்தான். பல் மண்ணில் சிதறியது. பிறகு தங்கச்சியின் முடியைப் பிடித்து, ஊர் கூடும் மந்தைக்கு இழுத்து வந்தான். கன்னையனையும் தூக்கி வந்து போட்டார்கள். அந்த வருஷம் ஏலக்காய் நல்ல விலைக்குப் போனதால், வெளியூருக்குப் பிழைக்கப் போகாமல் எல்லோரும் ஊரில்தான் இருந்தார்கள். அந்நிய ஆணும் பெண்ணும் பேசுவதற்கு ஒரு உறவுமுறை வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஊர்ப் பெரியவர் பால்சாமி அதன்படியே தீர்ப்புச் சொன்னார்.

“எல்லாரு முன்னாடியும் அவன அண்ணேன்னு ஒரு வாட்டி கூப்புட்டுரு ஆத்தா. கல்லும் விழாது, அடியும் விழாது. வெரசா சொல்லிட்டு சோலியப் பாரு.”

சொல்லிவிடு என்று கன்னையன் ரத்த வாயோடு தலையசைத்தான். திரும்பவும் அவனாக முடிவு செய்கிறானே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

“எனக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான்ல? அடிக்கிறதுக்கு அவன் ஒருத்தனே போதும். இவன் என் சேக்காளி.”

சிநேகிதனைச் சொல்ல அந்த ஊரில் ஆண்கள் மட்டுமே புழங்கிய சொல் அது. மந்தை மேல் கல் கொட்டியது. வீரணனின் மண்டை பிளந்தது, பால்சாமியின் கை முறிந்தது, கூட்டம் மிதிபட்டுக்கொண்டு ஓடியது. கன்னையன் ஓடவில்லை. எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். அவனுக்கென்று முதல் கல் அப்போதுதான் வந்தது. தோளில் வாங்கிக்கொண்டு, உடைந்த தாடையோடு சிரித்தான்.

இப்போது இரண்டு வீட்டிலும் விழுகிறது. இருவரும் காங்கிரீட் கூரை போட்டுவிட்டார்கள். பக்கத்து ராசிங்காபுரத்துக்காரர்கள் டிராக்டரில் வந்து, வீட்டு அஸ்திவாரத்துக்கு அந்தக் கற்களை லோடு லோடாக அள்ளிப் போகிறார்கள். சாயங்காலம் தடதடவென்று சத்தம் கேட்டால், “இன்னைக்கு நல்லாப் பேசியிருக்காக” என்று சொல்லிவிட்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் கொடியில் காயும் துணிகளை எடுக்கப் போகிறார்கள்.