படிக்க முடிந்த முகவரி

வீட்டுப் பத்திரம், வாடகை, விவாகரத்து என்று எல்லாவற்றுக்கும் சட்ட ஆலோசனை தரும் ஓர் இணையதளத்தைச் சீர்செய்யும் வேலை தங்கையிடம் வந்தது. பக்கங்களின் முகவரிகள் கேள்விக்குறியும் சமக்குறியும் எண்களுமாக வாயில் நுழையாமல் கிடந்தன. அவள் எண்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பக்கமும் எதைப் பற்றியது என்பதையே முகவரியாக்கினாள். பழைய முகவரியைத் தட்டினாலும் புதியதற்கே போய்ச் சேரும்படி செய்தாள்.

"இப்பத்தான் லட்சணமா இருக்கு. சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்" என்றார் மேலாளர்.

அந்தத் தளத்தை முன்பு அக்காவுக்குச் சொன்னவளும் அவள்தான். "தெரிஞ்ச ஒருத்திக்காகக் கேக்குறேன்" என்றிருந்தாள் அக்கா. தங்கை துருவவில்லை.

அக்கா வீட்டில் இருந்தது ஒரே கணினி. அவள் அதில் பார்த்தவற்றை அவள் கணவர், மாமா, அவ்வப்போது மேய்வார். ஒருமுறை கேட்டபோது, வாடகை ஒப்பந்தம் பார்த்ததாகச் சொல்லித் தப்பியிருந்தாள். வெறும் எண்தானே, அவரும் விட்டுவிட்டார். முகவரி மாறியதைக் கவனிக்காமல் அக்கா அதே பக்கத்தை மறுபடி பார்த்திருந்தாள். இப்போது அவர் ஓர் எழுத்தைத் தட்டியதுமே 'விவாகரத்து/குழந்தை-யாரிடம்' என்று முழு முகவரியும் வந்து நின்றது. அவர் சத்தம் போடவில்லை. மறுநாள் பள்ளிக்கு என்று குழந்தையைக் கூட்டிப்போனவர், வெளியூரில் தன் தாய் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். "நம்பரா இருந்ததை எதுக்குடி மாத்தினே?"

தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. "என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"உன்கிட்ட சொன்னா அம்மா காதுக்குப் போகும். அம்மா நேரா அவர்கிட்டயே சமாதானம் பேசப் போவா. அதான் கம்ப்யூட்டர்ல படிச்சேன். அதுவாச்சும் வாயைத் திறக்காதுன்னு நெனச்சேன்."

தங்கை மேலாளரிடம் போனாள். அந்தப் பக்கங்களை மட்டுமாவது எண்ணுக்கே மாற்றலாம் என்றாள்.

"இப்பத்தான் கூட்டம் வருது. உங்க வீட்டு விவகாரத்துக்காகத் தளத்தைக் கெடுக்கச் சொல்றியாம்மா?"

"இது எங்க வீட்டுல மட்டும் நடக்கிறதா சார்?"

அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளாகவே மாற்றினாள். மாலைக்குள் அவர் வேறொருவரை வைத்து மறுபடி மாற்றி, அவளுடைய கடவுச்சொல்லையும் முடக்கிவிட்டார். அவள் வேலையை விட்டாள். முகவரிகள் அப்படியே இருந்தன.

இனி அந்தப் பேச்சே எடுப்பதில்லை என்று அக்கா ஒப்புக்கொண்ட பிறகுதான் குழந்தை வீடு திரும்பியது. இப்போது தங்கை அழைத்தால் மாமாதான் எடுக்கிறார்.

"உன் அக்கா வேலையா இருக்கா" என்கிறார், மரியாதையாகவே.