கணுக்காலுக்குக் கீழே நாலு அங்குலம்

வாங்க கண்ணுகளா, கிட்ட வந்து உட்காருங்க. பின்னால் இருக்கிறவர்களும் நகர்ந்து வாங்க, என் குரல் முன்பு போல் எட்டாது. ஒரு தையல்காரி தன் காரைத் தானே பிரித்து, தப்பாக மாட்டி, அப்புறம் சரியாக்கின கதையைச் சொல்கிறேன்.

அவள் முப்பது வருஷமாகத் தைக்கிறவள். அவள் புருஷன் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர், அதனால் எல்லோருக்கும் அவர் போர்டுக்காரர். ஒருநாள் ஏணி வழுக்கி விழுந்தார். எலும்பு கூடிவிட்டது. வலது முட்டி மட்டும் மடங்கவே மாட்டேன் என்று விறைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, அவர்களுடைய பழைய சின்னக் காரின் முன்சீட்டில் அந்த நீட்டின காலுக்கு இடமில்லை. பின்சீட்டில் குறுக்கே படுக்க வைத்துத்தான் கொண்டுவந்தாள். வீட்டில் இறங்கினதும் அவர் சொன்னார்: "மூட்டை மாதிரி ஏத்திட்டு வந்துட்டே. இனிமே நான் எங்கேயும் வரல."

சொன்னபடியே நாலு மாதம் அறைக்குள்ளேயே கிடந்தார். பிரஷ் எல்லாம் காய்ந்து குச்சியாகிவிட்டது. அப்போதுதான் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சுவரின் கீழ்ப்பாதியில் எழுத்துகள் எழுத வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்தே எழுதலாம். திங்கட்கிழமை நேரில் வந்து சுவரைப் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் அன்று சாயந்திரம் அவர் விரல் தொடைமேல் எழுத்து வரைந்துகொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். இந்த வேலையும் கைநழுவினால் மனுஷன் அறையை விட்டு வரவே மாட்டார் என்று அவளுக்குப் பட்டது.

முன்சீட்டைப் பின்னால் தள்ள வேண்டும், அவ்வளவுதானே? புருஷன் கால் அளவு அவளுக்குத் தெரியாதா? அவர் போட்டுக் கிழித்த பேன்ட் அத்தனையும் அவள் தைத்தது. அளவு நோட்டைப் பிரித்துப் பார்த்தாள். அலமாரி அடிக்க வாங்கி வைத்திருந்த இரும்புப் பட்டை இரண்டை எடுத்தாள். சீட்டின் நாலு போல்ட்டையும் கழற்றி, பட்டைகளை இடையில் கொடுத்து, நோட்டின் கணக்குப்படி சீட்டைப் பின்னுக்குத் தள்ளி முடுக்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை கெஞ்சிக் கூத்தாடி அவரை வாசலுக்கு அழைத்துவந்தாள். அவர் உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்தார். பாதம் முன்பக்கத் தகட்டில் போய் முட்டியது. "ஐயோ அம்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நாத்தனார் ஓடிவந்தாள்.

"என்ன அண்ணி, அண்ணனுக்கு அளவெடுத்தீங்களா, தலையணை உறைக்கு அளவெடுத்தீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. நொண்டிக்கொண்டே போய் அறைக் கதவைச் சாத்தினார். "திங்கக்கிழமை வர முடியாதுன்னு சொல்லி அனுப்பிடு."

தையல்காரி டேப்பும் கையுமாகக் கார்ப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கே தப்பினோம்? நோட்டில் இருந்த அளவையும் வண்டியில் இருந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம்தான் உறைத்தது. தையல்காரிக்குக் கால் என்பது கணுக்காலோடு முடிந்துபோகிற சமாசாரம். அதற்குக் கீழே குதிகால், செருப்பு என்று நாலு அங்குலம் மிச்சம் இருப்பது அந்த நோட்டில் ஏறவே இல்லை!

கதவருகே போய் நின்றாள். "ஏங்க, தப்பு என்னுது. உங்க கால்ல ஒரு குறையும் இல்ல. நான்தான் பாதத்தை விட்டுட்டேன்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "முப்பது வருஷமா பேன்ட் தச்சுக் குடுக்கிறியே, எனக்குப் பாதம் இருக்கிறதே தெரியாதா?"

"பேன்ட்டுக்கு எதுக்குங்க பாதம்?"

உள்ளே ஒரு சிரிப்பு கேட்டது. நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. அதைக் கேட்டபிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அன்று மத்தியானமே கூடத்தில் ஒரு பொய்க்கார் தயாரானது. நாற்காலிதான் சீட்டு. இஸ்திரி மேசையைச் சாய்த்துப் போட்டால் அது காரின் முன்பக்கம். போர்டுக்காரர் செருப்போடு உட்கார்ந்து காலை நீட்டி, "இன்னும் தள்ளு, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லி, நாற்காலிக் கால் நின்ற இடத்தில் தானே குனிந்து சாக்பீஸால் கோடு போட்டார். அந்த அளவுக்குக் காகிதம் வெட்டிக்கொண்டு அவள் காரை மெக்கானிக்கிடம் ஓட்டிப்போனாள்.

மெக்கானிக் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, இந்தப் பட்டை மேல சேலை அடுக்கலாம், ஆளை உட்கார வைக்கலாமா? ஒரு பிரேக் போட்டா அண்ணன் சீட்டோட கண்ணாடி வழியா பள்ளிக்கூடம் போய்ச் சேருவார். நீங்க பின்னாடி கார் ஓட்டிட்டுப் போகணும்."

அளவு மட்டும் சரியாக இருந்திருந்தால் அப்படியே கிளம்பியிருப்பாள் அல்லவா? அவர் பாதம் முட்டியதற்கு மனசுக்குள் நன்றி சொன்னாள்.

மெக்கானிக் அவள் வெட்டின காகிதத்தை வைத்தே கனமான எஃகுச் சட்டம் செய்து, வண்டியின் பழைய துளைகளிலேயே பெரிய போல்ட் போட்டு இறுக்கினார். பெல்ட்டையும் இழுத்துச் சரிபார்த்தார். சீட்டில் மணல் சாக்குகளைக் கட்டிவைத்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓட்டி ஓட்டி பிரேக் அடித்துப் பார்த்தார். இம்மி அசையவில்லை.

திங்கட்கிழமை காலை போர்டுக்காரர் ஏறினார். கால் நீண்டது. பாதத்துக்கு முன்னால் இரண்டு விரல் இடம் மிச்சமிருந்தது. அவள் வண்டியை எடுத்தாள். தெருமுனை திரும்பவில்லை, அதற்குள் புலம்பல் ஆரம்பித்துவிட்டது.

"என்ன இது, சீட்டு பின்னாடி போனதுல எனக்குக் கதவுத் தூண்தான் தெரியுது. மெதுவா போயேன். அந்த பேக்கரி போர்டை எழுதினவன் யாரு? எழுத்து எல்லாம் குளிர்ல நடுங்குது!"

வழி நெடுக எட்டி எட்டிப் பார்த்து ஒரு போர்டு விடாமல் திட்டிக்கொண்டே வந்தார். அவளுக்குப் பாட்டுக் கேட்கிற மாதிரி இருந்தது.

பள்ளிக்கூடத்தில் சுவரை உள்ளங்கையால் தடவினார், நகத்தால் சுரண்டினார். "சுண்ணாம்பு உதிருது, முதல்ல தேய்க்கணும்" என்றார். பிறகு தலைமை ஆசிரியையிடம், "நாளைக்கே ஆரம்பிக்கிறேன்மா" என்றார்.

திரும்பி வந்து ஏறும்போது கதவு ஓரத்தைத் தட்டிக் காட்டினார். "இங்கே ஒரு கைப்பிடி வேணும். மெக்கானிக்கைக் கேளு. இந்தத் தடவை அளவு நான் எடுக்கிறேன்."

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் தப்புச் செய்கிற கைக்குத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கட்டும். முடங்கிக் கிடக்கிறவர் யாராவது இருந்தால், நாளைக் காலையில் அவரே "கிளம்பலாமா?" என்று கேட்கட்டும். உங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் நிறைந்திருக்கட்டும்.