மூன்று தரம் வெட்டுப்பட்ட கேள்வி

அஜந்தா டீச்சர் சிவப்புப் பேனையால் மூன்றாவது தரமும் வெட்டினார். கஜானிக்குக் காதுமடல் கொதித்தது.

‘ஆரையம்பதிப் பக்கம் வாவியில் இறாலை அழித்தது இறால் பண்ணைதானே?’ என்று அவள் எழுதியிருந்தாள். ஆய்வுச் செயற்றிட்டத்துக்கான கேள்வி. நாளைக் காலைக்குள் டீச்சர் கையெழுத்து வைக்காவிட்டால், பள்ளிக்கூடம் வருசா வருசம் நீட்டுகிற பட்டியலில் ஒரு தலைப்பைத்தான் எடுக்க வேண்டும்.

“இதில என்ன பிழை டீச்சர்?”

“இது கேள்வியில்ல புள்ள, தீர்ப்பு. ஓமெண்டு முதலே முடிவெடுத்திட்டாய். மறுகா என்னத்தை ஆராயப் போறாய்?”

“பட்டியல்ல கிடக்கிற ‘வாவியின் முக்கியத்துவம்’ மட்டும் கேள்வியா? அதுக்கு விடையைப் போட்டோகொப்பிக் கடையில அட்டை போட்டு விக்கிறாங்க!”

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

“அதுவும் கேள்வியில்லத்தான். அதுக்காக உன்டதில கையெழுத்து வைப்பனா?”

பின்வரிசை வாங்கிலிருந்து மதுரன் குரல் கொடுத்தான். “டீச்சர், இவட அப்பா போடுறது தங்கூசி வலை. தடைசெஞ்ச வலை. குஞ்செல்லாம் அள்ளுது. அதை மட்டும் கேக்கமாட்டா.”

“வாயைப் பொத்துடா! உன்ட மாமாதானே பண்ணையில மனேச்சர்!”

“ஓம், மனேச்சர்தான். நான் மறைச்சனா?”

வீடு வரைக்கும் சைக்கிளை மிதித்த மிதியில் செயின் இரண்டு தரம் கழன்றது. அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளை எரித்தது.

முற்றத்தில் அப்பா சதீசன் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். கஜானி வலைக் கண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். சுண்டுவிரலே இறுகியது.

“அப்பா, இதுக்குள்ளால என்ன தப்பும்?”

“தண்ணி தப்பும்.”

“பகிடி விடாதீங்க. இதையும் கேள்வியில எழுதப் போறன்.”

அவர் நிமிர்ந்தார். “பண்ணைக்காரன் மருந்துத் தண்ணியைத் திறந்து விடுறான். நீ அப்பனைக் காட்டிக் குடுக்கப் போறியா? ஆர் உனக்குச் சோறு போடுறது?”

“அவங்களையும் எழுதுவன். உங்கட பேர் வராது, வலை வரும்.”

சதீசன் வலையை உதறி எறிந்துவிட்டுப் படலையைத் தாண்டிப் போனார்.

காலையில் டீச்சர் புதுத்தாளை வாசித்தார். ‘எங்கள் பக்க வாவியில் இறால் குறைந்ததற்குப் பண்ணைக் கழிவு எவ்வளவு காரணம், நாங்கள் போடுகிற வலை எவ்வளவு காரணம்?’

“‘நாங்கள்’ இருக்கட்டுமா?”

“இருக்கட்டும்.”

“அப்பா என்ன சொன்னார்?”

“என்னோட கதைக்கிறாரில்ல.”

டீச்சர் கையெழுத்து வைத்தார். கஜானி நன்றி சொல்லவில்லை. தாளைப் பறித்துக்கொண்டு நேரே பின்வரிசைக்கு, மதுரனிடம் போனாள்.

“மாமாட நம்பரைத் தாடா. முதல் பேட்டி அவரோட.”