பதினான்காவது கட்டமைப்பு

பதினான்காவதையும் நீக்கிவிட்டுச் சோதனைகளை ஓடவிட்டாள் அவள். நாலாயிரம் சோதனைகளில் ஒன்றாவது தவறாதா என்று பார்த்தாள். தவற வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் செய்தாள். திரை முழுக்கப் பச்சை; எல்லாம் தேறிவிட்டன. அது இல்லாத குறையை நிரலில் ஒரு வரிகூட உணரவில்லை.

அவளும் அவள் கணவரும் ஒரே அறையில் முதுகுக்கு முதுகாக அமர்ந்து, ஊரார் இரகசியங்களைப் பூட்டித் தரும் மறையாக்க நூலகம் ஒன்றின் நிரலைப் பராமரித்து வந்தார்கள். அதில் எவரும் பயன்படுத்தாத தரவுக் கட்டமைப்புகளைக் களைவது இந்த வாரம் அவள் பொறுப்பு. அப்படிக் கிடந்த பதினான்கில் பதின்மூன்று யார் எழுதியவையோ. பதினான்காவது மட்டும், அவர் மூன்றாண்டுகள் உழைத்துக் கண்ட புதிய பூட்டு முறைக்காக எழுதியது. வெளியிட்ட ஒன்பதாம் நாள் யாரோ ஒரு மாணவி அதை உடைத்துக் காட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவர் அந்தக் கோப்பைத் திறந்ததில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள். அளந்துதான் பார்த்தாள், போட மனம் வரவில்லை. அதை மட்டும் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, 'பயன்படாதவை அனைத்தும் நீக்கப்பட்டன' என்றெழுதி அவர் ஒப்புதலுக்கு அனுப்பினாள். இன்னொருவர் பார்த்து ஒப்பாமல் அங்கே எதுவும் நகராது.

சற்று நேரத்தில் அவர் நாற்காலி திரும்பியது.

"உனக்கு எண்ணத் தெரியாதா?"

"ஏன், என்னவாம்?"

"நீக்கின பட்டியல்ல ஒண்ணு குறையுது. என்னோடது."

"அது ஒரு ஓரமாக் கிடந்துட்டுப் போகட்டுமேங்க. சோறா கேக்குது?"

"சோறு கேட்டாக்கூடத் தேவலை. உடைஞ்ச பூட்டும்மா அது. அலமாரியில பளபளன்னு இருந்தா, விவரம் தெரியாத எவனாவது எடுத்து வாசல்ல மாட்டிட்டு நிம்மதியாத் தூங்குவான். இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான்னு நான் பேர் வாங்கணுமா?"

"நீங்க வருத்தப்படுவீங்களேன்னுதான்…"

"வருத்தந்தான். அதுக்காகப் பொய் எழுதுவியா?"

அவள் முகம் சுருங்கிற்று. எழுந்து அவருக்கு இடம் விட்டாள்.

அவர் அமர்ந்து கோப்பைத் திறந்தார். முதன்முறை காண்பவரைப் போல மேலிருந்து கீழாக மெல்லப் படித்தார். நடுவில் ஒரு வரி மட்டும் வரிசை தப்பிச் சற்றே விலகி நின்றது. அதை இரண்டு இடம் தள்ளி, மற்றவற்றோடு நேராக நிறுத்தினார். நிறுத்தியதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தேர்ந்தெடுத்தார். நாற்பது வரிகளும் நீலமாயின. அவர் விரல் அழிப்பு விசையின்மேல் இருந்தது.