சுல்பிகாவின் தாய்லாந்துக் கோழி

மேசையில் பாக்குவெட்டி கிடந்தது. அதன் அலகில் பச்சை நிறத்தில் ஏதோ தூள் ஒட்டியிருந்தது. பக்கத்தில் சுல்பிகாவின் தாய்லாந்துக் கோழி, உடம்பு வேறு தலை வேறாகக் கிடந்தது.

“வேலை முடிஞ்சிது புள்ள,” என்றார் அவளுடைய கூடப்பிறந்த மூத்த காக்கா பதியுதீன், ஏதோ குளத்துக்கு அணை கட்டி முடித்த மனுஷனைப் போல. “தலை போனா அது உருவம் இல்ல. மௌலவிக்கிட்டயும் கேட்டுட்டுத்தான் செஞ்ச நான். இனி சோக்கேசுல தாராளமா வைக்கலாம். சபியா உம்மா வந்தா ஒண்டும் கதைக்க ஏலாது.”

மௌலவியிடம் கேட்டாராம். பொருளுக்குச் சொந்தக்காரி பத்தடி தூரத்தில் குசினி அடுப்படியில் நிற்கிறாள், அவளிடம் கேட்க மட்டும் மனுஷனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

“பிஸ்மில்லா சொல்லித்தானே அறுத்தீங்க?” என்று கேட்டாள் சுல்பிகா.

பகிடி விடுகிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது.

போன வெள்ளிக்கிழமை சாய்ந்தமருதில் இருந்து சபியா உம்மா இவர்கள் ஊர் மாவடிப்பள்ளிக்கு வந்திருந்தாள். தன் மகன் அஹ்ஸனுக்குச் சுல்பிகாவின் மகள் நஸ்லாவைப் பேசி, வீடு பார்க்க வந்த வருகை. இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியேறுவான். காவின் என்ற கலியாண எழுத்துக்கு முன்னமே வீடு பெண்ணின் பேருக்கு எழுதப்பட வேண்டும். வீடு இல்லாத குமருக்கு மாப்பிள்ளையும் இல்லை. சபியா உம்மா தரையில் பதித்த ஓடுகளைத் தடவிப் பார்த்தாள், குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தாள், கடைசியில் சோக்கேசின் முன்னால் வந்து நின்றாள்.

“உருவம் இரிக்கிற வீட்டுக்குள்ள வானத்து மலக்குமார் வர மாட்டாங்க புள்ள. என்ட மகன் இருக்கப் போற வீடு இது.”

“அது ஒரு சினேகிதி நம்பித் தந்த அமானிதம், ராத்தா. என்ட அறைக்குள்ள எடுத்து வைக்கிறன்,” என்று சுல்பிகா பணிந்துதான் சொன்னாள். மகளின் காரியம் அல்லவா. அந்தப் பணிவுக்குக் கிடைத்த கூலி இப்போது மேசையில் இரண்டு துண்டாகக் கிடக்கிறது.

உள்ளங்கைக்குள் அடங்குகிற பீங்கான் கோழி அது. சாம்பல் கலந்த பச்சை மினுக்கம், முதுகில் நாலைந்து கபிலப் புள்ளி. அதைத் தந்தவள் நொய். குவைத்தில் ஒரே வீட்டில் இரண்டு பேரும் வேலைக்கு நின்றார்கள். இவளுக்குத் தாய்லாந்துப் பாஷை தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது, அரைகுறை அரபியில்தான் எல்லாக் கதையும். நொய்யின் ஊரில் வயல் உழுதால் ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய பீங்கான் பொம்மைகள் கிளம்புமாம். அந்தக் காலத்துச் சனங்கள் வீட்டில் காய்ச்சல் வருத்தம் வந்தால் பொம்மையின் தலையை உடைத்து எறிவார்களாம், வருத்தமும் அதோடு தொலையட்டும் என்று. அதனால் வயலில் கிடைப்பவை எல்லாம் தலையில்லாதவை. நொய்யின் தகப்பன் ஆயுசு முழுக்க உழுததில் தலையோடு கிடைத்தது இந்த ஒரு கோழிதானாம். அவள் நாட்டை விட்டுப் போகும்போது அவர்தான் அதைக் கையில் கொடுத்து அனுப்பினாராம்.

ஒரு நாள் எசமானியின் மகளுடைய கலியாண உடுப்பைச் சுல்பிகா அயன் சூட்டில் கருக்கிவிட்டாள். எசமானி கத்திக்கொண்டு வந்தபோது நொய் முன்னால் போய், “நான்தான்” என்றாள். அடுத்த நாளே அவளை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். “ஏண்டி இப்பிடிச் செஞ்சாய்” என்று அழுத சுல்பிகாவிடம், “உன் வீட்டுக்கு இன்னும் கூரை இல்லை, எனக்கு வாப்பாவின் வீடு இருக்கிறது” என்றாள் நொய். போகும்போது, பத்திரமாக வைத்திரு என்று கோழியை இவள் கைக்குள் வைத்துப் பொத்திவிட்டுப் போனாள். சுல்பிகா பிறகு நாலு வருஷம் அங்கேயே நின்று உழைத்துத்தான் கூரை போட்டாள். அவளுடைய புருஷன் பக்கீர் முகைதீன் கூரையைப் பார்க்காமலே மௌத்தாகிப் போனார். இந்த வீட்டில் அந்தக் கோழிக்கு உள்ள உரிமை, தரை தடவ வந்தவர்களுக்கு இல்லை.

“காக்கா, இது அமானிதம் எண்டு உங்களுக்கும்தானே சொன்ன நான்?”

“மண்கோழிக்குப் போய் ஏன் புள்ள இவ்வளவு கதை? ஒட்டுற பசை வாங்கித் தாறன்.”

“ஒட்டினா மறுகா உருவமாகிடுமே. அதுக்கும் மௌலவிக்கிட்டக் கேளுங்க.”

அவர் வாயைத் திறக்கும் முன்னே வாசலில் ஆட்டோச் சத்தம் கேட்டது. அஸர் தொழுகை முடிந்து சபியா உம்மா வந்துவிட்டாள். பதியுதீன் அவசர அவசரமாகக் கோழியின் உடம்பைத் தூக்கிச் சோக்கேசில் வைத்தார், தலையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சபியா உம்மா உட்காரும் முன்னமே சோக்கேசைத்தான் பார்த்தாள்.

“மாஷா அல்லாஹ். இப்பதான் வீட்டுக்குள்ள ஒரு வெளிச்சம் தெரியுது,” என்றாள். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, “மேல ஒரு அறை எடுத்துக் குடுத்தா நல்லம் புள்ள. அதுக்கு ஏசியும் பூட்டிருங்க. அஹ்ஸன் சூடு தாங்க மாட்டான். வீட்டு உறுதிப் பத்திரத்த காவினுக்கு முந்தின கிழமையே எழுதிருவம்” என்றாள்.

சுல்பிகா தட்டத்தைக் கீழே வைத்தாள்.

“ராத்தா, கோழிட தலைய எடுக்க மார்க்கச் சட்டம் பார்த்தீங்க. நல்லம். வீடு வாங்குறத்துக்கும் மார்க்கம் பார்த்தீங்களா?”

“அது ஊர் வழக்கம் புள்ள. நாம கேக்கல்ல, எல்லாரும் தாறது.”

“முழுப் பூசணிக்காயச் சோத்துக்குள்ள மறைக்காதீங்க. கேக்காமத்தான் ஏசி வரைக்கும் வந்த நீங்களா? மார்க்கத்துல மாப்பிள்ளையத்தான் பொம்பிளைக்கு மஹர் குடுக்கச் சொல்லியிரிக்கு. பொம்பிளைக்கிட்ட வீடு வாங்கச் சொல்லி எந்தக் கிதாபுல கிடக்கு? அமானிதத்த உடைக்கச் சொல்லி எதுல கிடக்கு? எனக்கு ஒரு உருவம் ஹராம், உங்களுக்கு ஒரு முழு வீடு ஹலால்.”

“சுல்பிகா,” என்று அதட்டினார் பதியுதீன். “மகள்ட வாழ்க்கை புள்ள இது.”

சபியா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பினாள். “ஒரு மண்கோழிக்காகக் கலியாணத்தக் குழப்புற பொம்பிளைய இண்டைக்குத்தான் காணுறன்.”

“கோழிக்கு இல்ல ராத்தா. ஒருத்தி எனக்காகப் பழி ஏத்து, தன்ட வேலையப் போக்கடிச்சவ. அவ நம்பித் தந்த ஒரு சாமானைக் காப்பாத்த ஏலாத வீட்ட நான் எந்த முகத்தோட மகளுக்கு எழுதுற? மார்க்கப்படியே செய்வம். மஹரைக் குடுத்து, என்ட புள்ளைய உங்கட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. சந்தோசமா அனுப்புவன்.”

“மாப்பிள்ள வீட்டுக்குப் பொம்பிள வாறதா? ஊர் சிரிக்கும்.”

அறை வாசல் திரையை விலக்கிக்கொண்டு நஸ்லா வெளியே வந்தாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், இரைந்து கதைக்கத் தெரியாதவள். கையில் போன் இருந்தது. அஹ்ஸனை அவளுக்குப் பிடித்திருந்தது என்பது சுல்பிகாவுக்குத் தெரியும். தன் கோபத்துக்குப் பிள்ளையின் ஆசையை விலையாக்கிவிட்டோமோ என்று நினைத்தாள்.

“மாமி,” என்றாள் நஸ்லா, “அஹ்ஸனுக்கு இப்ப கோல் எடுத்துக் கேட்டன். வீடு இல்லாட்டி என்னைக் கலியாணம் முடிப்பீங்களா எண்டு. தன்ட உம்மாட்டக் கேட்டுத்தான் சொல்லுவாராம்.”

“அவன் மரியாதை தெரிஞ்ச புள்ள,” என்றாள் சபியா உம்மா.

“ஓம் மாமி. கேட்டுட்டுச் சொல்லட்டும். வீடு மட்டும் இனி எழுதுறதில்ல.”

பதியுதீன் குறுக்கே வந்தார். “நஸ்லா, நீயுமா மகள்? வீடு உனக்குத்தானே எழுதப் போறம். உன்ட பேர்லதானே இருக்கப் போகுது.”

நஸ்லா மாமாவை நேராகப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தாலும் குரல் உடையவில்லை.

“உம்மாட பேர்ல இரிக்கக்குள்ளயே, உம்மா வீட்டுல நிக்கக்குள்ளயே, உம்மாட சாமானை அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம உடைச்சிட்டீங்க மாமா. என்ட பேருக்கு எழுதினா மட்டும் எவன் என்னைக் கேக்கப் போறான்?”