சைகை கொடுக்காத செல்கள்

ரத்த ஸ்டெம் செல்லுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. பக்கத்துச் செல் சைகை கொடுத்தால் உள்ளே ஒரு மரபணு விழிக்கும், அது இன்னொன்றை எழுப்பும், இரண்டும் சேர்ந்து மூன்றாவதன் வாயை அடைக்கும். அப்படியே போய் அது டி செல் ஆகிறது. சைகை இல்லையென்றால் பி செல். இரண்டுமே நோயோடு மல்லுக்கட்டுபவைதான், வேலை வேறு.

அந்தச் சங்கிலியில் ஒரு மரபணுவை வெட்டினேன். டி ஆக வேண்டியதெல்லாம் பி ஆனது. பேராசிரியர் சந்தோஷத்தில் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கட்டுரை வெள்ளிக்கிழமை ஆய்விதழுக்குப் போகிறது. போனால் ஆறு வருட ஆய்வக வாழ்க்கைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வேறு ஊரில் இருக்கும் கணவரிடமும் மகளிடமும் போய்விடலாம்.

இதுவரை மரபணு வெட்டிய செல்களை நான் வளர்த்தேன். ஒப்பிட வெட்டாத செல்களைப் பக்கத்து மேசைக்காரர் வளர்த்தார், அவை ஒழுங்காக டி ஆயின. வேலையைப் பங்கு போட்டோமாம், பெருமை வேறு. மனசு கேட்காமல் மூன்று வாரத்துக்கு முன் வெட்டாததையும் என் தட்டிலேயே போட்டு வைத்தேன். வியாழக்கிழமை எடுத்துப் பார்த்தால் அதுவும் பி செல்.

உறைபெட்டியைத் திறந்தேன். தட்டின் அடியில் பரப்பும் துணைச் செல்களில் இரண்டு வகை உண்டு, சைகை கொடுப்பது, கொடுக்காதது. மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒரே அச்சு. குழாய்களின் லேபிளைப் பார்த்தால், என்னுடையவை அத்தனையும் கொடுக்காத வகை. நான் வெட்டிய மரபணு ஒரு பாவமும் அறியாதது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பேராசிரியரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"திரும்பச் செய்ய எத்தனை நாளாகும்?"

"எட்டு மாசம் சார்."

"நாளைக்கே ஆரம்பிச்சிடும்மா."

வராந்தாவில் நின்று கணவருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டார், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"சரி. அவகிட்ட நீயே சொல்லிடு. என்னால முடியாது."

மகள் போனை வாங்கியதும் மூச்சுவிடாமல் ஆரம்பித்தாள். "அம்மா, உனக்கு இடம் வேணும்னு அலமாரியில பாதி காலி பண்ணிட்டேன். என் துணியெல்லாம் கட்டில்மேல கிடக்கு!"

"கண்ணு, அம்மா வர இன்னும் எட்டு மாசமாகும்டா."



"அப்போ என் துணியைத் திரும்ப உள்ள வெச்சுக்கவா?" என்றாள்.